“மனிசன் நல்லவர்தான், ஆனா வெல்ல மாட்டாரே!” – அமெரிக்க பிரைமரித் தேர்தல்களின் வரலாறு நமக்குச் சொல்வது



தேர்தல் காலம் வந்தால் நம் ஊர்களில் தவறாமல் காதில் விழும் ஒரு வார்த்தை இருக்கிறது. “மனிசன் நல்லவர்தான், ஆனா வெல்ல மாட்டாரே!” அதோடு அந்த ஆளின் கதை முடிந்துவிடும். அவர் என்ன சொல்கிறார், என்ன செய்திருக்கிறார் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. அவர் வெல்ல மாட்டார் என்று தீர்மானித்தது யார் என்றும் கேட்பதில்லை.

இந்த விடயத்தில் நூறு வருடங்களுக்கு மேலாகத் தலையை உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு நாடு அமெரிக்கா. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்யும் பொறுப்பைச் சாதாரண வாக்காளரிடம் கொடுத்தால், அவர்கள் தங்கள் மனதுக்குப் பிடித்த, ஆனால் நாட்டில் வெல்லவே முடியாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்களா? இதுதான் கேள்வி. ஒவ்வொரு நான்கு வருடத்துக்கும் ஒரு முறை அங்கு இந்த விவாதம் சூடுபிடிக்கும். இன்று அந்த வரலாற்றைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம். பதிவு நீளம்தான். நேரம் எடுத்து வாசியுங்கள்.

பிரைமரி என்றால் என்ன?

நம் நாட்டில் ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சித் தலைமை தீர்மானிக்கிறது. செயற்குழு கூடும், பெயர் வெளியே வரும். ஆதரவாளர்கள் பட்டாசு கொளுத்துவார்கள், அல்லது மனம் கசந்து வீட்டில் இருப்பார்கள். அமெரிக்காவில் அப்படியில்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்கே தனியாக ஒரு தேர்தல் நடக்கிறது. அதைத்தான் பிரைமரி என்கிறார்கள். தேர்தல் வருடத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக நடக்கும். சில மாநிலங்களில் அந்தக் கட்சிக்காரர் என்று பதிந்தவர்கள் மட்டும் வாக்களிக்கலாம், சில மாநிலங்களில் யாரும் வாக்களிக்கலாம். அயோவா போன்ற சில இடங்களில் ‘கோக்கஸ்’ எனப்படும் ஊர்க்கூட்டங்கள் நடத்துவது வழக்கம். ஒவ்வொரு மாநிலத்திலும் கிடைக்கும் வாக்கைக் கொண்டு வேட்பாளருக்குப் பிரதிநிதிகள் சேர்வார்கள். கட்சி மாநாட்டில் பெரும்பான்மைப் பிரதிநிதிகளை வைத்திருப்பவரே வேட்பாளர். பிறகு நவம்பரில் பொதுத் தேர்தல். அதில் மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் 270 ஐப் பெற்றவர் ஜனாதிபதி. இது இன்றைய கணக்கு.

சந்தேகம் எங்கே வருகிறது? பிரைமரிக்கு வந்து வாக்களிப்பவர்கள் நாட்டு மக்களில் ஒரு சிறு பகுதியினர். அதிலும் கட்சி மீது அதிகப் பற்றுள்ளவர்கள். 2016 இல் இரண்டு கட்சிகளிலும் கடும் போட்டி இருந்தது. அப்போதும் தகுதியுள்ள வாக்காளர்களில் பிரைமரிகளில் பங்குபற்றியவர்கள் 30 வீதத்தை எட்டவில்லை. இந்தச் சிறு கூட்டத்துக்குப் பிடித்தவர் நாடு முழுவதற்கும் பிடித்தவராக இருப்பாரா? நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்ல முன்னர், இந்த வேலையைக் கட்சிப் பெரியவர்கள் செய்த காலத்தில் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

பெரியவர்கள் தெரிவு செய்த காலம்

1912 ஆம் ஆண்டு. பிரைமரி என்பது அப்போதுதான் ஒரு டசின் அளவான மாநிலங்களில் தலைகாட்டியிருந்தது. குடியரசுக் கட்சியில் பதவியிலிருந்த ஜனாதிபதி வில்லியம் டாஃப்டுக்கும், முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கும் போட்டி. பிரைமரி நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றை ரூஸ்வெல்ட் வென்றார். டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவிலும் அவரே வென்றார். ஆனால் சிக்காகோ மாநாட்டில் கட்சி இயந்திரம் டாஃப்டின் கையில் இருந்தது. வேட்பாளராக டாஃப்டே அறிவிக்கப்பட்டார். ரூஸ்வெல்ட் கோபித்துக்கொண்டு தனிக் கட்சி அமைத்துப் போட்டியிட்டார். முடிவு என்ன? ஜனநாயகக் கட்சியின் வூட்ரோ வில்சனுக்கு 435 தேர்வாளர் வாக்குகள், ரூஸ்வெல்ட்டுக்கு 88, டாஃப்டுக்கு வெறும் 8. பதவியிலிருந்த ஒரு ஜனாதிபதி மூன்றாம் இடத்துக்குப் போனார். அவரை வேட்பாளராக்கியவர்கள் அனுபவசாலிகளான கட்சிப் பெரியவர்கள்தான், சாதாரண வாக்காளர்கள் அல்லர்.

1952 இல் ஜனநாயகக் கட்சியில் இதே கதை. எஸ்டஸ் கிஃபோவர் என்ற டென்னசி செனட்டர் நியூ ஹம்ப்ஷயரில் பதவியிலிருந்த ஜனாதிபதி ட்ரூமனையே தோற்கடித்தார். அந்த வருடம் நடந்த பிரைமரிகளில் பெரும்பாலானவற்றையும் வென்றார். ஆனால் பாதாள உலகத்துக்கும் உள்ளூர் அரசியலுக்கும் இருந்த தொடர்பைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்க விசாரித்தவர் அவர். கட்சித் தலைகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. பிரைமரிகளில் போட்டியிடாத அட்லாய் ஸ்டீவன்சனை மாநாட்டில் வேட்பாளராக்கினார்கள். அவர் ஐசனோவரிடம் 442 க்கு 89 என்று தோற்றார். ஐசனோவர் இரண்டாம் உலகப் போரின் வெற்றித் தளபதி. கிஃபோவர் நின்றிருந்தாலும் தோற்றிருக்கக்கூடும். ஆனால் “வெல்லக்கூடியவரைப் பெரியவர்களுக்குத்தான் தெரியும்” என்ற வாதத்துக்கு இந்த இரண்டு தேர்தல்களும் சாட்சி சொல்லவில்லை.

ஒரு கத்தோலிக்கர் வெல்ல முடியுமா?

சிறுபான்மைச் சமூகமான நாம் கட்டாயம் அறிய வேண்டிய தேர்தல் 1960 இல் நடந்தது.

அமெரிக்கா புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நாடு. 1928 இல் அல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் ஜனாதிபதித் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தார். அவர் மதத்தை வைத்தே கடுமையான பிரசாரம் நடந்தது. அதன் பின் முப்பது வருடங்களுக்கு “கத்தோலிக்கர் வெல்ல மாட்டார்” என்பது கட்சிக்காரர்களின் மனதில் சட்டம் மாதிரி பதிந்துவிட்டது. ஜோன் எஃப். கென்னடி வந்தபோதும் அதையே சொன்னார்கள். கத்தோலிக்கர்களாக இருந்த கட்சித் தலைவர்கள் சிலரும் தயங்கினார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் ஆள் மீது தனக்கு நம்பிக்கை இருக்கிறது. மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள் என்ற பயத்தில் தானே அவரை ஒதுக்குகிறான்.

கென்னடி விஸ்கொன்சின் பிரைமரியை வென்றார். அங்கு கத்தோலிக்கர்கள் அதிகம், அதனால்தான் வென்றார் என்றார்கள். அடுத்தது மேற்கு வேர்ஜினியா. சுரங்கத் தொழிலாளர்களின் ஏழை மாநிலம், மிகப் பெரும்பாலும் புரட்டஸ்தாந்தினர். 1960 மே 10 ஆம் திகதி அங்கு ஹியூபர்ட் ஹம்ப்ரியை 60 வீதத்துக்கு மேல் வாக்கெடுத்துத் தோற்கடித்தார் கென்னடி. அன்றிரவே ஹம்ப்ரி போட்டியிலிருந்து விலகினார். முப்பது வருட ஊகத்தை ஒரே நாளில் ஒரு பிரைமரி உடைத்தது. நவம்பரில் நிக்சனை மயிரிழையில் வென்று கென்னடி முதலாவது கத்தோலிக்க ஜனாதிபதியானார்.

“வெல்ல மாட்டார்” என்பது ஒரு ஊகம். பிரைமரி அந்த ஊகத்தைச் சோதித்துப் பார்க்கும் ஒரு இடம். மேற்கு வேர்ஜினியாவில் அந்தச் சோதனை நடந்திருக்காவிட்டால், பெரியவர்களின் அறைக்குள்ளேயே கென்னடியின் பெயர் அழிந்திருக்கும்.

ஆனால் இது கதையின் ஒரு பக்கம்தான்.

பயம் உண்மையான இரண்டு தேர்தல்கள்

1964 இல் குடியரசுக் கட்சி அரிசோனா செனட்டர் பெரி கோல்ட்வோட்டரை நிறுத்தியது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கிய 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர் அவர். மாநாட்டு உரையிலேயே தீவிரவாதம் ஒரு குற்றமல்ல என்ற பொருளில் பேசினார். கட்சியின் மிதவாதிகள் அங்கேயே முகம் சுளித்தார்கள். நவம்பரில் லிண்டன் ஜோன்சன் 61 வீத வாக்கைப் பெற்றார். தேர்வாளர் வாக்கு 486 க்கு 52. கோல்ட்வோட்டருக்குத் தன் சொந்த மாநிலமும், நிறவெறி ஆழமாக இருந்த தெற்கின் ஐந்து மாநிலங்களும் மட்டுமே கிடைத்தன.

ஒரு விடயத்தை இங்கு கவனிக்க வேண்டும். கோல்ட்வோட்டர் கலிபோர்னியா பிரைமரியைச் சொற்ப வித்தியாசத்தில் வென்றது உண்மை. ஆனால் அவருடைய பிரதிநிதிகளில் பெரும் பகுதியினர் பிரைமரியால் வந்தவர்கள் அல்லர். அவருடைய ஆதரவாளர்கள் மாநிலம் மாநிலமாகக் கட்சிக் கூட்டங்களுக்குள் பொறுமையாகப் புகுந்து பிரதிநிதிகளைச் சேர்த்தார்கள். ஆகவே 1964 தோல்விக்குப் பிரைமரி வாக்காளரை மட்டும் குறை சொல்வது சரியல்ல. ஒழுங்குபட்ட ஒரு சிறு கூட்டம், எந்த முறையிலும் கட்சியைக் கைப்பற்றலாம்.

அடுத்தது 1972. இதைப் புரிந்துகொள்ள 1968 க்குப் போக வேண்டும். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. பிரைமரிகளில் மக்கள் பெரும்பாலும் போரை எதிர்த்த யூஜின் மக்கார்த்திக்கும் ரொபர்ட் கென்னடிக்கும் வாக்களித்தார்கள். ஜனாதிபதி ஜோன்சன் மார்ச் 31 இல் போட்டியிலிருந்து விலகினார். ரொபர்ட் கென்னடி கலிபோர்னியாவை வென்ற இரவிலேயே சுடப்பட்டு மரணமானார். ஓகஸ்ட்டில் சிக்காகோ மாநாட்டில், பிரைமரிகளில் போட்டியிடாத உப ஜனாதிபதி ஹம்ப்ரியைக் கட்சிப் பெரியவர்கள் வேட்பாளராக்கினார்கள். வெளியே வீதியில் இளைஞர்களைப் பொலிஸார் அடித்ததை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. நவம்பரில் ஹம்ப்ரி நிக்சனிடம் தோற்றார்.

அந்த அவமானத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் தென் டகோட்டா செனட்டர் ஜோர்ஜ் மக்கவர்ன். பிரதிநிதிகள் பகிரங்கமான முறையில் தெரிவாக வேண்டும், பெண்களும் இளைஞர்களும் சிறுபான்மையினரும் இடம்பெற வேண்டும் என்று விதிகள் மாறின. அதோடு பல மாநிலங்கள் பிரைமரிக்கு மாறின. இன்று நாம் காணும் முறை அங்கிருந்து வந்ததுதான்.

1972 இல் அதே மக்கவர்ன் வேட்பாளராகப் போட்டியிட்டார். ஆரம்பத்தில் முன்னணியில் நின்றவர் எட்மண்ட் மஸ்கி. மிதவாதி, “வெல்லக்கூடியவர்” என்று பெயரெடுத்தவர். நியூ ஹம்ப்ஷயரை அவர் வென்றார், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு வெல்லவில்லை. அவர் சரிந்தார், மக்கவர்ன் மேலே வந்தார். நிக்சனின் ஆட்கள் எதிர்க்கட்சி வேட்பாளர்களுக்குள் பொய்க் கடிதங்களாலும் சதிகளாலும் குழப்பம் விளைவித்தது பின்னர் வோட்டர்கேட் விசாரணைகளில் வெளிவந்தது. தங்களுக்கு ஆபத்தான போட்டியாளரை பிரைமரியிலேயே விழுத்த அவர்கள் முயன்றார்கள்.

மக்கவர்ன் இரண்டாம் உலகப் போரில் 35 முறை குண்டுவீச்சு விமானம் ஓட்டிச் சென்று பதக்கம் பெற்றவர். போரைத் தெரிந்தவர், அதனால்தான் வியட்நாம் போரை எதிர்த்தார். ஆனால் அவரை நாட்டுப்பற்றில்லாத தீவிரவாதியாகக் காட்ட எதிர்த்தரப்புக்கு முடிந்தது. கட்சியின் பழைய தூண்கள் விலகின. நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு அவருக்கு ஆதரவு தரவில்லை. அவர் தெரிவு செய்த உப ஜனாதிபதி வேட்பாளர் முன்பு மனநோய்க்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது வெளிவந்து, 18 நாட்களில் விலக நேர்ந்தது. முடிவு: நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். மக்கவர்னுக்கு மசாசூசெட்ஸும் தலைநகர் வொஷிங்டனும் மட்டும்.

இன்றுவரை “பிரைமரி வாக்காளர் கட்சியைக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள்” என்பவர்கள் காட்டும் முதல் உதாரணம் இதுதான். அதில் உண்மை உண்டு. ஆனால் பலர் கவனிக்காத ஒரு கணக்கும் உண்டு. அந்த வருடம் பிரைமரிகளில் போடப்பட்ட மொத்த வாக்கில் மக்கவர்ன் பெற்றது நான்கில் ஒரு பங்கு மட்டுமே. ஹம்ப்ரி அவரை விடச் சற்றுக் கூடுதலாகவே பெற்றிருந்தார். பல வேட்பாளர்கள் நின்றதால் வாக்குகள் சிதறின. புதிய விதிகளை நன்றாகத் தெரிந்தவர் மக்கவர்ன், அவற்றை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரே அவர்தானே. ஆகவே “மக்கள் தெரிவு செய்தார்கள், மக்கள் பிழைவிட்டார்கள்” என்பது முழு உண்மையல்ல. நாலில் மூன்று பேர் வேறு யாருக்கோ வாக்களித்திருந்தார்கள்.

கடிவாளம் போட்டும் தோற்றார்கள்

ஜனநாயகக் கட்சி பாடம் படித்தது, அல்லது படித்ததாக நினைத்தது. 1982 இல் விதிகளைத் திரும்பவும் மாற்றினார்கள். கட்சித் தலைவர்களுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் மாநாட்டில் தனியான வாக்குக் கொடுத்தார்கள். இவர்களைத்தான் ‘சூப்பர் டெலிகேட்’ என்று அழைத்தார்கள். வாக்காளர் தடம் மாறினால் பெரியவர்கள் கடிவாளத்தை இழுப்பார்கள் என்பது எண்ணம்.

1984 இல் அந்தப் பெரியவர்களின் ஆதரவோடு வந்தவர் முன்னாள் உப ஜனாதிபதி வோல்டர் மொன்டேல். அனுபவசாலி, நிதானமானவர், தொழிற்சங்கங்களுக்குப் பிடித்தவர். அவர் எத்தனை மாநிலங்களை வென்றார் தெரியுமா? ஒன்றே ஒன்று. சொந்த மாநிலமான மினசோட்டாவும் தலைநகரும் மட்டும். தேர்வாளர் வாக்கு 525 க்கு 13. மக்கவர்ன் பெற்ற 17 ஐ விடவும் குறைவு!

மொன்டேலைத் தோற்கடித்தவர் யார்? ரொனால்ட் ரீகன். அவரையும் ஒரு காலத்தில் “வெல்ல மாட்டார்” பட்டியலில் வைத்திருந்தார்கள். 1976 பிரைமரிகளில் அவர் போர்டிடம் சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். பாதுகாப்பான தெரிவு என்று கருதப்பட்ட போர்ட் நவம்பரில் கார்ட்டரிடம் தோற்றார். 1980 மார்ச் மாதம் போர்ட், ரீகனால் வெல்ல முடியாது என்று பகிரங்கமாகவே சொன்னார். வயது 69, கோல்ட்வோட்டரின் கொள்கைக்காரர், முன்னாள் சினிமா நடிகர். ஜனாதிபதி கார்ட்டரின் ஆட்களே ரீகன் வந்தால் நமக்குச் சுகம் என்று எண்ணினார்கள். அந்த நவம்பரில் ரீகன் 44 மாநிலங்களை வென்றார்.

1964 இல் கோல்ட்வோட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசித்தான் ரீகன் அரசியலில் பிரபலமானார் என்பதையும் மறக்க வேண்டாம். அன்று தோற்ற கொள்கை 16 வருடங்களில் ஆட்சிக்கு வந்தது. அந்தக் கொள்கை நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விடயம். 1964 இல் வெல்ல முடியாதது 1980 இல் வென்றது. நாடு ஒரே இடத்தில் நிற்பதில்லை.

நம் காலத்துத் தேர்தல்கள்

2007 இன் இறுதியில் கறுப்பின வாக்காளர்களில் பலர் பராக் ஒபாமாவை விரும்பினாலும் ஹிலாரி கிளின்டன் பக்கமே நின்றார்கள். வெள்ளையர்கள் ஒரு கறுப்பருக்கு வாக்களிப்பார்களா என்ற சந்தேகம் அதற்கு ஒரு பெரிய காரணம். 2008 ஜனவரி 3 இல், வெள்ளையர்கள் பெரும்பான்மையாக வாழும் அயோவாவில் ஒபாமா வென்றார். அந்த மாதமே தென் கரோலினாவில் கறுப்பின மக்கள் அலையாகத் திரண்டு அவருக்கு வாக்களித்தார்கள். மேற்கு வேர்ஜினியா கென்னடிக்குச் செய்ததை அயோவா ஒபாமாவுக்குச் செய்தது.

2016 இல் டொனால்ட் ட்ரம்ப். வெல்லவே முடியாதவர் என்று எல்லாப் பக்கத்திலும் சொல்லப்பட்டவர். குடியரசுக் கட்சியில் 17 பேர் போட்டியில் இறங்கியிருந்தார்கள். பிரைமரி வாக்குகளில் பாதியைக் கூட அவர் பெறவில்லை, சுமார் 45 வீதம்தான். 1972 போலவே சிதறிய வாக்குகள் அவருக்கு உதவின. ஆனால் மக்கவர்ன் தோற்றார், ட்ரம்ப் வென்றார். மறுபக்கம் சூப்பர் டெலிகேட்களில் மிகப் பெரும்பான்மையினர் “வெல்லக்கூடியவர்” என்று நம்பிய ஹிலாரி, மக்கள் வாக்கில் முன்னுக்கு நின்றும் தேர்வாளர் வாக்கில் தோற்றார். அதன் பின் 2018 இல் சூப்பர் டெலிகேட்களின் முதல் சுற்று வாக்குரிமையைக் கட்சியே குறைத்தது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் வெல்லக்கூடியவரா என்பது ஒரு கேள்வி. வென்ற பின் ஆளத் தகுதியானவரா என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்க விவாதத்தில் முதலாவது கேள்வியின் சத்தத்தில் இரண்டாவது அடிக்கடி அமுங்கிப்போகிறது. நம் நாட்டிலும் அப்படித்தான்.

2024 ஐ நம்மில் பலர் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜனாதிபதி பைடனுக்கு எதிராகக் கட்சிக்குள் பலமான யாரும் நிற்கவில்லை. பிரைமரி நடந்தது, ஆனால் சோதனை நடக்கவில்லை. அந்த வெறுமைக்குள் ஒரு குரல் மட்டும் கேட்டது. பெப்ரவரி 27 இல் மிச்சிகன் பிரைமரியில், காஸாப் போரைக் கண்டித்து அரபு, முஸ்லிம் சமூகத்தவரும் இளைஞர்களும் முன்னெடுத்த பிரசாரத்தால், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பைடனுக்கு வாக்களிக்காமல் “யாருக்கும் உறுதியளிக்கவில்லை” என்ற கட்டத்தில் புள்ளடியிட்டார்கள். அது கட்சிக்குக் கிடைத்த எச்சரிக்கை மணி. ஜூன் 27 விவாதத்தில் பைடன் தடுமாறினார். ஜூலை 21 இல் விலகினார். பிரைமரி எதையும் சந்திக்காமல் கமலா ஹாரிஸ் வேட்பாளரானார். நவம்பரில் 312 க்கு 226 என்று ட்ரம்ப் வென்றார். மிச்சிகனில் வித்தியாசம் சுமார் 80,000 வாக்குகள். விலைவாசி உட்பட வேறு பல காரணங்களும் இருந்தன, மிச்சிகன் மட்டும் மாறியிருந்தாலும் ஹாரிஸ் வென்றிருக்க மாட்டார். ஆனாலும் பிரைமரி ஒரு மணியை அடித்தது, அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பதை மறுக்க முடியாது.

அப்படியென்றால் பதில் என்ன?

பிரைமரி வாக்காளர் வெல்ல முடியாதவரைத் தெரிவு செய்யும் ஆபத்து உண்டு. 1972 அதற்குச் சாட்சி. ஆனால் அந்த ஆபத்து மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, வருகிற வாக்காளர் தொகை குறைவு. இரண்டு, பலர் நின்றால் வாக்குச் சிதறி, சிறு பங்கை வைத்திருப்பவர் முந்திவிடுவார். மூன்று, தெரிவான பின் அவர் கட்சியின் மற்றப் பகுதியினரை அணைத்துக்கொள்ளத் தவறுவது. மக்கவர்னுக்கும் கோல்ட்வோட்டருக்கும் நடந்தது இது. ரீகன் அந்த இடத்தில் புத்திசாலித்தனமாக நடந்தார். பிரைமரியில் தன்னோடு மோதிய ஜோர்ஜ் புஷ்ஷையே உப ஜனாதிபதி வேட்பாளராக்கினார்.

இவை மூன்றும் திருத்தக்கூடிய குறைகள். இதற்காகத் தெரிவு செய்யும் உரிமையையே பெரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பது மருந்தல்ல. 1912, 1952, 1968, 1984 எல்லாம் பெரியவர்கள் தெரிவு செய்த, அல்லது பெரிதும் விரும்பிய வேட்பாளர்கள் தோற்ற வருடங்கள். ஊகிப்பதில் அவர்கள் நம்மை விடக் கெட்டிக்காரர்கள் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு.

நம் நாட்டுக்கு வருவோம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 வீதம். “மூன்று வீதம்” என்று கேலி செய்தார்கள், அது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். 2024 செப்டெம்பரில் முதல் எண்ணிக்கையில் அவருக்கு 42.31 வீதம், அவரே ஜனாதிபதி. அவரை ஆதரித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள், எதிர்த்தவர்களும் இருக்கிறீர்கள். நாம் யாருக்கும் பிரசாரம் செய்யவில்லை. 2019 இல் “வெல்ல மாட்டார்” என்று சொன்னவர்களின் கணக்கு அன்றைக்குச் சரி, என்றைக்கும் சரியல்ல என்பதைத்தான் சொல்கிறோம்.

இன்னொன்று. பெரும்பாலான அமெரிக்க வாக்காளருக்கு இல்லாத ஒரு வசதி நம் கையில் இருக்கிறது. நம் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு அடையாளமிடலாம். மனதுக்குப் பிடித்தவருக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடியவர்களில் பரவாயில்லை என்று நினைப்பவருக்கு 2 போடலாம். 50 வீதத்தை யாரும் தாண்டாவிட்டால் அந்த இரண்டாவது விருப்பம் எண்ணப்படும். 2024 இல் வரலாற்றில் முதல் தடவையாக அது எண்ணப்பட்டது. ஆனால் பலர் ஒரு புள்ளடியோடு நிறுத்தியிருந்தார்கள். “வாக்கு வீணாகிவிடும்” என்ற பயத்துக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. வீட்டிலுள்ள உம்மா, வாப்பா, புதிதாக வாக்குரிமை பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

சிறுபான்மைச் சமூகங்களுக்கு இந்த விடயத்தில் ஒரு தனிச் சோதனை உண்டு. நாம் அதிகமாக ஊகிக்கிறோம். “பெரும்பான்மை யாருக்குப் போடும், நாமும் அங்கே நிற்போம்” என்று கணக்குப் பார்க்கிறோம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோற்ற பக்கத்தில் நின்றதற்காகச் சமூகங்கள் விலை கொடுத்த கதைகள் நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கிலேயே காலம் முழுவதும் நின்றால், நமக்கு என்ன வேண்டும் என்பதை யாரும் நம்மிடம் கேட்க மாட்டார்கள். எப்படியும் வெல்பவரோடு வந்துவிடுவோம் என்று தெரிந்தால் ஏன் கேட்க வேண்டும்? 1960 இல் கத்தோலிக்கத் தலைவர்களும் 2007 இல் கறுப்பின வாக்காளர்களும் இதே தயக்கத்தில்தான் நின்றார்கள்.

எனவே அடுத்த முறை ஒரு வேட்பாளரைப் பற்றிக் கதைக்கும்போது, கேள்விகளின் ஒழுங்கை மாற்றிப் பார்ப்போம். இவர் நேர்மையானவரா? பொறுப்பைச் சுமக்கத் தகுதியுள்ளவரா? எல்லாச் சமூகங்களையும் அணைத்துப் போவாரா? இவை முதலில். “வெல்வாரா?” என்பது அதற்குப் பிறகு. அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில் நம் வாக்கும் ஒரு பங்கு என்பதை மறக்காமல் இருப்போம்.

உங்கள் கருத்துகளைப் பண்பாகப் பதிவிடுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம். பிரயோசனமாக இருந்தால் மற்றவர்களுக்கும் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.